இடப்பக்கம் ஏறும் வெளிச்சம்

அத்தியாயம் 4

பினாங் தீவின் ஜெலுத்தோங்கில், ஸுல்கிஃப்லியின் பழைய மோட்டர் சாமான் கடைக்கு முன்னால் காரை நிறுத்தியபோது மணி இரண்டுகூட ஆகவில்லை. ஆனாலும் மேற்கே மலைப்பக்கம் வானம் கறுத்துப்போய், சாலையில் ஓடிய மோட்டர்களின் விளக்கெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. காற்று துளிகூட இல்லை. கம்பி மேல் உட்கார்ந்திருந்த காகங்கள் கத்தாமல் இருந்தது காமினிக்குப் பிடிக்கவில்லை.

"மழைன்னா பெஞ்சு தொலையணும்லா அக்கா" என்றான் டெரன்ஸ். "இப்படி முறைச்சுக்கிட்டே நிக்கக் கூடாது, என் பழைய மாமியார் மாதிரி."

"உனக்குக் கல்யாணமே ஆகலையே."

"அதான் சொல்றேன். ஆகுறதுக்கு முன்னாலயே அவங்க பழைய மாமியாராயிட்டாங்க."

காமினி சிரிக்கவில்லை. பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைத் தடவிப் பார்த்து, எது விபத்து எது பித்தலாட்டம் என்று எழுதிக்கொடுத்தவள் அவள். இப்போது லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக்கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம். டெரன்ஸ் அவளுடைய ஒரே ஊழியன். முப்பத்து நாலு வயது. முன்பு உணவு டெலிவரி ஓட்டியவன். தீவில் அவனுக்குத் தெரியாத சந்து கிடையாது. அவன் வாய்க்கு ஓய்வும் கிடையாது.

முந்தாநாள் அந்த மாடிக்கு ஏறி வந்தவள் தனலெட்சுமி. பாயான் பாருவில் வீடு, பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை. அம்மா போன பிறகு தம்பி மோகனராஜைத் தூக்கி வளர்த்தது அவள்தான். அந்தத் தம்பி ஐம்பத்திரண்டு நாளைக்கு முன்னால், "லாங் ரைட் போறேன் அக்கா" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, தன் பெரிய டூரிங் பைக்கில் கிளம்பிப் போனவன் திரும்பவில்லை. நாலைந்து நாளுக்கு ஒரு படம் மட்டும் வரும். கூப்பிட்டால் எடுக்க மாட்டான். கடைசிப் படம் நாலு நாளைக்கு முன்னால் வந்தது. பின்னால் ஒரே பனிமூட்டம், முன்னால் பைக்கின் முகம். கீழே ஒரு வரி: "லாவோஸ் வந்துட்டேன். நல்லா இருக்கேன்."

"என் தம்பி ரெண்டு வரி எழுதினா அதுல ஒண்ணு சாப்பாட்டைப் பத்தி இருக்கும்" என்று அழுதாள் தனலெட்சுமி. "இது அவன் இல்ல. யாரோ அவன் போனை வச்சிருக்காங்க. அவன் உயிரோட இருக்கானா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

பக்கத்தில் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கணவன் கார்த்திகேசு உட்கார்ந்திருந்தார். துப்பறிகிறவர்களிடம் போவோம் என்று சொன்னதே அவர்தானாம். "ஒரே வாரத்துல என் கூட்டாளி சுகுமாரனும் போனான், மச்சினனும் போனான். வீடு வீடா இல்லைங்க" என்றார் மெல்லிய குரலில். அந்த சுகுமாரன் தெலுக் கும்பார் கடற்கரையில் பாறை வழுக்கி விழுந்து இறந்தவர். பேப்பரில் வந்திருந்தது.

காமினியின் அலுவலகத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. உயிர் சம்பந்தப்பட்ட விஷயமென்றால், தெரிந்த நிமிடமே காத்திருக்கும் வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டும். இன்னும் உறுதி பண்ணட்டும், இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று அவள் முன்பு ஒருமுறை தாமதித்ததில் ஒரு தகப்பனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைக்கு வைத்த விதி.

கடைசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அவளுக்கு ஒரு நூல் கிடைத்தது. பைக்கின் முன்விளக்கு மாறியிருந்தது. அவன் கிளம்புவதற்கு முன்னால் எடுத்த படங்களில் கண்ணாடி சுத்தமாக இருந்தது, இதில் மீசை முறுக்கியதுபோல ஒரு கீறல். அந்த ஜெர்மன் வண்டிக்கு விளக்கு கண்ட கடையில் கிடைக்காது. நாட்டின் வடபகுதியில் பழைய சாமான் தேடுகிற டூரிங் ஆட்கள் எல்லோரும் வந்து நிற்கிற வாசல் ஒன்றுதான்.

ஸுல்கிஃப்லி அந்த வாசலில் நின்று படத்தைப் பார்த்தார். தாடியைச் சொறிந்தார்.

"இது நான் வித்த லம்புதான் தங்கச்சி. கீறலை எனக்குத் தெரியாதா? ஒம்பது நாளாச்சு."

"யாருக்கு வித்தீங்க பாய்?"

"வேற யாருக்கு? மோகனுக்குத்தான். இந்த ஸ்டூல்லதான் உக்காந்திருந்தான். ரெண்டு தே தாரிக் குடிச்சான், என் ரொட்டியிலயும் பாதியைத் தின்னுட்டான்."

டெரன்ஸ் கையைத் தட்டினான். "சாப்பாடு வந்துருச்சு! அப்ப ஆள் அசல்தான்."

ஒன்பது நாளைக்கு முன்னால் அவன் உயிரோடு இருந்தான். ஆனால் நாலு நாளைக்கு முன்னால்? "பாய், இங்கிருந்து அஞ்சு நாள்ல லாவோஸ் போக முடியுமா?"

"அந்த வண்டியிலயா? மூணு நாள் போதும்."

"நீ முன்னால கவுண்டர்ல கேட்டுப் பாரு டெரன்ஸ். போன் நம்பர், அட்ரஸ் ஏதாவது விட்டுட்டுப் போயிருக்கானான்னு."

"கவுண்டர்ல நஜ்வாதானே? இந்த மாதிரி கஷ்டமான வேலையெல்லாம் என்கிட்டயே கொடுங்க அக்கா" என்று தலையைக் கோதிக்கொண்டே போனான்.

ஸுல்கிஃப்லி காமினியைப் பின்பக்கச் சந்துக்கு அழைத்துப்போனார். எண்ணெய்க் கறை படிந்த சுவர். கீழே ஒரு பேட்டரி. ஒரு விளக்கை எடுத்து வயரை மாட்டினார். அந்த மதிய இருட்டில் சுவரில் வெளிச்சம் விழுந்தது. இடது பாதியில் மேல்விளிம்பு கோடு போட்டாற்போல் நேராக நின்றது. வலது பாதியில் மேலே ஏறியது.

"ஒரு மணி நேரம் இந்தச் சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னான். என்கிட்ட ரெண்டு லம்பு இருந்துச்சு. இது ஐரோப்பாவுல கழட்டினது. அங்க வலப்பக்கம் ஓட்டுவாங்க, ரோட்டோரம் தெரியணும்னு வெளிச்சம் வலப்பக்கம் ஏறும். நம்ம ஊர்ல போட்டா எதிர்ல வர்றவன் கண்ணுல குத்தும். இன்னொண்ணு ஜப்பான் சாமான், நம்ம மாதிரி இடப்பக்கம் ஏறும். ஆனா கீறல் இருக்கு. நூறு வெள்ளி கூட."

"இது சுத்தமா, விலையும் கம்மியா இருக்கு. இதை விட்டுட்டா போனான்?"

"கீறலைத்தான் கொடுன்னான்."

காமினி சுவரையே பார்த்தாள். "பாய், லாவோஸ்ல எந்தப் பக்கம் ஓட்டுவாங்க?"

"வலப்பக்கம்லா. தாய்லாந்து தாண்டினா மாறிடும்..." ஸுல்கிஃப்லி பாதியில் நிறுத்தினார். "அவன் லாவோஸ் போறதா என்கிட்ட சொல்லவே இல்லியே?"

"போகலை. அதனாலதான் சொல்லல. வலப்பக்க ஊருக்குப் போறவன், வலப்பக்கத்துக்குச் செஞ்ச சுத்தமான விளக்கை விட்டுட்டு, நூறு வெள்ளி கூடக் கொடுத்துக் கீறல் விழுந்ததை வாங்குவானா? அவன் நம்ம பக்கத்து ரோட்டுலதான் ஓடுறான்."

கதவில் டெரன்ஸின் முகம் நிலாவாக முளைத்தது. "அக்கா! விளக்குக்கு ரப்பர் வளையம் பத்தலைன்னு அஞ்சு நாளைக்கு முன்னால டெலிவரில அனுப்பியிருக்காங்க. எங்கன்னு நினைக்கிறீங்க? பாலிக் புலாவ்! சுங்கை பினாங் பக்கம் துரியான் தோட்டத்து வீடு. லாவோஸாம் லாவோஸ். பய மலைக்கு அந்தப் பக்கம் உக்காந்து துரியான் தின்னுக்கிட்டிருக்கான்."

"நல்லது" என்றாள் காமினி. காதில் பாதிதான் விழுந்தது. மனம் சுவரில் இருந்தது. "பாய், வேற என்ன கேட்டான்?"

டெரன்ஸ் தோளைக் குலுக்கிவிட்டு முன்பக்கம் போனான்.

"பல்ப் மஞ்சளா வேணும்னான். இப்ப எல்லாரும் வெள்ளை எல்இடி கேக்குறாங்க, இவன் மஞ்சள். மலை மேல பனியில வெள்ளை வெளிச்சம் திரும்ப நம்ம கண்ணுலயே அடிக்கும், மஞ்சள் பரவாயில்ல. அப்புறம்..." ஸுல்கிஃப்லி தயங்கினார். "சுவிட்ச் வச்சுக் கொடுன்னான்."

"என்ன சுவிட்ச்?"

"லம்பை அணைக்க. நம்ம ஊர்ல மோட்டர் ஸ்டார்ட் ஆனாலே லம்பு எரியணும், பகல்லயும். அது சட்டம். அணைக்கிற சுவிட்ச் வேணும்னு இத்தனை வருஷத்துல யாரும் என்கிட்ட கேட்டதில்ல. நான் முடியாதுன்னுட்டேன். அவனே வயரை வாங்கிட்டுப் போனான்."

வெளிச்சம் வாங்க வந்தவன் இருட்டையும் சேர்த்துக் கேட்டிருக்கிறான். தொலைந்தவன் இப்படிக் கேட்க மாட்டான். ஒளிந்திருக்கிறவன்தான் கேட்பான்.

"பழைய விளக்கு?"

அதை அவர் ஒரு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நடுவில் கண்ணாடி போய் ஓட்டையாக இருந்தது. சுற்றுவிளிம்பில் ஒரு சிராய்ப்பு இல்லை. "விழுந்துட்டேன்னான்" என்றார்.

"வண்டியில வேற எங்க அடி?"

"எங்கயும் இல்ல தங்கச்சி. பெட்டி, கண்ணாடி, ஹேண்டில் முனை எல்லாம் புதுசு மாதிரி."

பதினெட்டு வருடத்தில் விழுந்த பைக்குகளை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். விழுந்தால் முதலில் தேய்வது பெட்டியும் ஹேண்டில் முனையும். விளக்கு மட்டும் தனியாகப் போய் விழாது. யாரோ நேர் எதிரே நின்று, எரிந்துகொண்டிருந்த விளக்கைக் கையில் கிடைத்ததைக் கொண்டு அடித்திருக்கிறார்கள்.

"நானும் நம்பலை" என்றார் ஸுல்கிஃப்லி தணிந்த குரலில். "என்னடா ஆச்சுன்னு திருப்பிக் கேட்டேன். 'விளக்கு பாக்கக் கூடாததைப் பாத்துருச்சு பாய்'னு சொல்லிட்டு ரொட்டியைப் பிச்சான். அதுக்கு மேல பேசலை."

காமினி அந்த உடைந்த விளக்கைப் பிடித்தபடியே நின்றாள். ஒளிந்திருக்கிறான், சரி. யாரிடமிருந்து? ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு இங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறான். கவுண்டரில் தங்கியிருக்கிற இடத்தின் விலாசத்தையே கொடுத்திருக்கிறான். தீவில் இருக்கிற எல்லோருக்கும் பயந்தவன் இதைச் செய்வானா? லாவோஸ் என்கிற பொய்யை அவன் ஸுல்கிஃப்லிக்குச் சொல்லவில்லை, நஜ்வாவுக்குச் சொல்லவில்லை. ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுப்பியிருக்கிறான்.

"அவனுக்கும் அவன் அக்காவுக்கும் ஏதாவது சண்டையா பாய்?"

"சண்டையா? அக்கான்னா அவனுக்கு உயிரு. அன்னிக்கும் அவ பேச்சுத்தான். 'எங்கக்கா தங்கம் பாய், ஆனா அதுக்கு எதையும் மறைக்கத் தெரியாது, நேரா வீட்டுல சொல்லிடும்'னு சிரிச்சான்."

வீட்டில் யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் இல்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மெல்லப் பேசுகிற அந்த ஒருவர்தான். துப்பறிகிறவர்களிடம் போவோம் என்றவர். கூட்டாளி கடலில் விழுந்த அதே வாரத்தில் மச்சினனும் போய்விட்டான் என்று அவரே வாயால் சொன்னாரே! அந்தக் கடற்கரையில் பைக் வெளிச்சம் யார் மேல் விழுந்தது என்று இப்போது அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவனைக் கண்டுபிடிக்கத்தான் அவளை அமர்த்தியிருக்கிறார்கள். அவளும் கண்டுபிடித்துவிட்டாள்.

"டெரன்ஸ்!"

அவன் வாசலில் கூரைக்கடியில் நின்று, போனைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தான். முதல் பெரிய துளிகள் சாலையில் விழ ஆரம்பித்திருந்தன. "அனுப்பிட்டேன் அக்கா. அட்ரஸ், லொக்கேஷன், எல்லாம். உங்க ரூல்தானே, தெரிஞ்ச நிமிஷமே வீட்டுக்குச் சொல்லணும். ரெண்டு நீல டிக்கும் வந்துருச்சு. அவங்க அழுதுக்கிட்டே ஒரு வாய்ஸ் போட்டிருக்காங்க, கேளுங்க."

தனலெட்சுமியின் குரல் விம்மலும் சிரிப்புமாக வந்தது. "நீங்க நல்லா இருக்கணும் தம்பி. இவர்கிட்ட சொன்னதும் சோத்துல கை வச்சவர் அப்படியே எழுந்து போயிட்டார் தம்பி. நானும் வரேன்னேன். மழை வருது, நீ வேணாம், நானே போய்க் கூட்டிட்டு வரேன்னார்..."

டெரன்ஸ் காமினியின் முகத்தைப் பார்த்தான். அவன் சிரிப்பு அணைந்தது. சுகுமாரன் வழுக்கி விழவில்லை, கார்த்திகேசு தள்ளியிருக்கிறார், அதை மோகன் பார்த்துவிட்டான் என்று அவள் நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். அவன் ஒன்றும் கேலி பேசவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"எப்ப வந்த வாய்ஸ் இது?"

"பதினோரு நிமிஷம் ஆச்சு. அக்கா, நான்தான்..."

"என் ரூல்டா. உன் மேல தப்பில்ல. வண்டியை எடு. போலிஸுக்குக் கூப்பிட்டுப் பேசிக்கிட்டே ஓட்டு."

பாயான் பாருவிலிருந்து அந்தத் தோட்டத்துக்கு அரை மணிகூட ஆகாது. ஜெலுத்தோங்கிலிருந்து முக்கால் மணி. கணக்கு எப்படிப் போட்டாலும் கார்த்திகேசுதான் முதலில் போய்ச் சேருவார். டெரன்ஸ் போலிஸிடம் விலாசத்தை இரண்டு முறை சொன்னான். மழை கண்ணாடியில் அறைந்தது. காமினி தனலெட்சுமியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன், யோசிக்காம சொல்லுங்க. தம்பி போன அன்னிக்கு உங்க வீட்டுக்காரருக்கு எங்கயாவது காயம் பட்டுச்சா?"

"உள்ளங்கையில. கண்ணாடி வெட்டிருச்சு. நான்தான் மஞ்சள் வச்சுக் கட்டினேன். ஏன்?"

"எப்படி வெட்டுச்சு?"

"தண்ணி குடிக்கிறப்ப கிளாஸ் உடைஞ்சிருச்சுன்னார்."

"எங்க? வீட்டுலயா?"

"ஆமா, அடுப்படியில..." என்றவள் நிறுத்தினாள். மறுபடி பேசியபோது குரல் வேறாக இருந்தது. "எங்க வீட்டுல கண்ணாடி கிளாஸே கிடையாதே. எல்லாம் எவர்சில்வர்."

காமினி மெல்ல, ஆனால் எதையும் மறைக்காமல் சொன்னாள். உடைந்த விளக்கு, கடற்கரை, சுகுமாரன், லாவோஸ் பொய். தனலெட்சுமி அதை மறுக்கவில்லை. அந்தக் காயத்துக்குத் தன் கையால் கட்டுப் போட்டவள் அவள்.

"இப்ப நீங்க ஒரு வரி எழுதணும். 'மச்சான் வர்றார், ஓடு.' அவ்வளவுதான்."

"நான் எழுதினா அவன் நம்புவானா? என்னை நம்பாமத்தானே ஒளிஞ்சிருக்கான்?"

"உங்களை நம்பாம இல்ல அக்கா. நீங்க வீட்டுல சொல்லிடுவீங்கன்னு ஒளிஞ்சான். வீட்டுல சொல்லாம நீங்க எழுதப்போற முதல் வரி இது."

விரல் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "போட்டுட்டேன்" என்றாள். "ஒரு டிக்தான் வந்திருக்கு."

மலைக்கு அந்தப் பக்கம், இந்த மழையில், லைன் கிடைக்க வேண்டும். கார் பாயா தெருபோங் நெரிசலில் ஊர்ந்தது. டெரன்ஸ் ஸ்டியரிங்கை அடித்துக்கொண்டே வாய்க்குள் மாதா பேரைச் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் போனை வைக்கவில்லை. "ரெண்டாயிருச்சு" என்றாள் தனலெட்சுமி ஒரு தடவை. "ஆனா நீலம் ஆகல." அதற்கப்புறம் நிமிடங்கள் போயின. திடீரென்று, "இவர் கூப்பிடுறார்" என்றாள். லைன் போய்விட்டது.

காமினி போனை இரு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை நிமிடம் கழித்துத் தனலெட்சுமியே கூப்பிட்டாள். அவள் அழவில்லை.

"தம்பி அங்க இல்லையாம். வண்டியும் இல்லையாம். கார் சத்தம் கேட்டு ஓடியிருக்கான் போல. போன் மட்டும் கட்டில் மேல கிடக்காம்."

"கடவுளே" என்றான் டெரன்ஸ்.

"நான் எழுதினது திரையில தெரியுதாம். அதைப் படிச்சுக் காட்டினார். கோபமே இல்ல. 'சோத்தை எடுத்து வச்சுறாத தனம், நான் இன்னும் சாப்பிடல, வந்துக்கிட்டே இருக்கேன்'னு சொன்னார்."

"காரைத் திருப்பு!" என்றாள் காமினி. "பாயான் பாரு!" டெரன்ஸ் ஏற்கனவே ஹாரனை அழுத்திப் பிடித்தபடி கோட்டைத் தாண்டித் திருப்பிக்கொண்டிருந்தான். இங்கிருந்து பத்து நிமிடம். அவருக்கு எப்படியும் இருபது. இந்த ஒரு கணக்கு மட்டும் இன்றைக்கு அவர்கள் பக்கம் இருந்தது.

"அக்கா, கதவைப் பூட்டிக்கிட்டு உள்ள உக்காராதீங்க, அவர்கிட்ட சாவி இருக்கு. கீழ இறங்கி ஆள் இருக்கிற கடையில நில்லுங்க. எதையும் எடுக்காதீங்க."

"அவன் உயிரோட இருக்கான்ல?"

"இருக்கான் அக்கா. ஓடிக்கிட்டிருக்கான்."

மறுமுனையில் நாற்காலி தள்ளும் சத்தம். கதவுச் சங்கிலி கழன்றது. படிக்கட்டில் மழை எதிரொலித்தது.

"செருப்புப் போட்டுட்டேன்" என்றாள் தனலெட்சுமி.